தலையாட்டினால் 'ஆம்'

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் முதலில் நாறுவது அதுதான்.

மதுரையில் ஒரு சின்ன நிறுவனம். ஆஸ்பத்திரிகளில் வயதானவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று அளந்து மார்க் போடுவது எங்கள் தொழில். கையில் ஒரு டேப், சிலேட்டு மாதிரி ஒரு தொடுதிரைக் கணினி. அதற்குள் பன்னிரண்டு கேள்விகள். டாக்டர் உங்கள் நோயைத் தெளிவாக விளக்கினாரா? மாத்திரைகளை எப்படிச் சாப்பிடுவது என்று சொன்னார்களா? கீழே விழாமல் பார்த்துக்கொண்டார்களா? மரியாதையாக நடத்தினார்களா? ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். சேர்ந்த முதல் நாள் பயிற்சி கொடுத்தவர் சொன்னார்: "பெரியவங்க வாயத் திறந்து சொல்ல யோசிப்பாங்க. தலையாட்டினா 'ஆம்'னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருங்க."

எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மற்றவர்கள் ஒரு நாளைக்குப் பத்துப் பேரைக் கேட்டால் நான் இருபது பேரைக் கேட்பேன். உலகத்தையே திருத்தப் போகிற வேகம் எனக்கு. போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். முதியோர் சிகிச்சையில் நல்ல மார்க் வாங்கிய ஆஸ்பத்திரி என்று எங்கள் நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். பூ வேறு வைத்திருக்கிறார்கள்.

அதனால்தான் அப்பாவை அங்கே கொண்டுபோனேன். வேறு யாரும் சொல்லவில்லை. நானே தேர்ந்தெடுத்தேன்.

அப்பா அருளப்பன், ராஜபாளையத்தில் நூல் மில்லில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவர். ரிங் பிரேம் பகுதி. நூலை முறுக்கிச் சுற்றுகிற மெஷின்கள் வரிசையாக ஓடுகிற இடம். அங்கே பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. அம்மாவும் அவருமாக ராஜபாளையத்து வீட்டில் இருக்கிறார்கள். அண்ணன் திருப்பூரில், நான் மதுரை ஹாஸ்டலில். போன் பண்ணினால் அப்பா "சரிம்மா, சரிம்மா, நல்லாருக்கேன்" என்று சொல்லிவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுவார். பாசக்காரர், பேச்சுக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிவியைச் சத்தமாக வைப்பார். அம்மா எதைச் சொன்னாலும் எதிரே வந்து நின்றுதான் சொல்வாள். இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதானே.

வெயில் கொளுத்திய ஒரு வாரத்தில் அம்மா கூப்பிட்டாள். "ஏட்டி ஜெனி, ஒங்கப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சுட்டி. சட்டையத் திருப்பிப் போட்டுட்டு முதல் ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு நிக்காவ. கொழாயடில விழுந்தும் போனாவ. என்னயப் பாத்து நீ யாருன்னு கேக்காவ." ஆம்புலன்ஸில் ஏற்றச் சொல்லிவிட்டு நான் மதுரையிலிருந்து நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா வரவேற்பறையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், என் சான்றிதழுக்குக் கீழே. வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. டோக்கனை மைக்கில் கூப்பிடுகிறார்கள். அந்த மைக் கொரகொரவென்று இரைகிறது. எனக்கே பாதி புரியவில்லை. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு வயதானவர்கள் கையில் சீட்டோடு மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்ட எண்காரர் எழுந்திருக்காவிட்டால் கணினியில் 'வரவில்லை' என்று போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு அம்மா அப்படி இரண்டு தடவை 'வரவில்லை' ஆகிவிட்டு, கவுண்டருக்கு நேர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பினாயில் வாடையும், வாசலுக்கு வெளியே எங்கோ பால் சுண்டக் காய்ச்சுகிற இனிப்பு வாடையும் கலந்து வந்தன.

போன வருஷம் இதே அறையில் நான் வேலை பார்த்திருக்கிறேன். காத்திருக்கும் இடம் வசதியாக இருந்ததா? ஆம், ஆம், ஆம்.

ரத்தப் பரிசோதனையில் சோடியம் நூற்றுப் பதினாறு என்று வந்தது. சோடியம் என்பது நாம் சாப்பிடும் உப்பில் இருப்பது. ரத்தத்தில் அது நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் மூளை நீரில் ஊறிய மாதிரி ஆகிவிடும். ஆள் தடுமாறுவார், விழுவார், எதையாவது பேசுவார், வலிப்புகூட வரும். அதை மளமளவென்று ஏற்றவும் கூடாது, மூளை கெட்டுவிடும். சொட்டுச் சொட்டாக, நாள் கணக்கில்தான் ஏற்ற வேண்டும். இதையெல்லாம் டாக்டர் எனக்கு நன்றாகவே சொன்னார். இளவயதுக்காரர், கெட்டவர் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரையின் சீட்டை அம்மா காட்டினாள். "இதுல நீர் பிரிக்கிற மருந்து சேந்திருக்கு. உப்பு இதாலயும் போகும். நிறுத்திட்டேன். மூணு நாள்ல தெளிஞ்சிருவாரு" என்றார். எனக்கு உயிர் வந்தது.

வார்டில் ஏதோ காய்ச்சல் பரவுகிறது என்று எல்லோருக்கும் மாஸ்க் கட்டாயம். டாக்டர், சிஸ்டர்கள், அம்மா, நான், எல்லோரும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை வார்டுக்குள் நுழைந்தபோது அப்பாவின் இரண்டு மணிக்கட்டையும் புண் கட்டுகிற காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். இடுப்பில் பெரியவர்களுக்கான டயாப்பர். அது நனைந்து கனத்து, நாற்றம் கட்டிலைச் சுற்றி நின்றது.

"அவர் நடப்பாரு சிஸ்டர். பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா போவாரு."

"எறங்கி விழுந்துட்டா யாரு பதில் சொல்லுறது?" சிஸ்டர் சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு வெள்ளைப் பலகை. 'இந்த மாதம் கீழே விழுந்த நோயாளிகள்: 0'.

பன்னிரண்டில் அது என்னுடைய ஐந்தாவது கேள்வி. விழாமல் பார்த்துக்கொண்டார்களா? முழு மார்க் போட்டிருந்தேன். அந்தப் பூஜ்யத்தை எப்படி வாங்குகிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை. என் ஃபாரத்தில் 'கட்டிப் போட்டார்களா' என்று ஒரு கேள்வி கிடையாது.

எதிர்க் கட்டிலில் வன்னியம்பட்டிக்காரர் ஒருவர் இருந்தார். அவரையும் கட்டியிருந்தார்கள். நான் காஸ் முடிச்சோடு போராடுவதைப் பார்த்துவிட்டு, "மாட்டக்கூட மேய்ச்சலுக்கு அவுத்து விடுவோம் தாயி. எங்களுக்கு அதுவும் கெடையாது" என்று சிரித்தார். சிரித்தபோது அவர் வாயில் ஒரு பல்தான் இருந்தது. பல் செட்டை எங்கோ தொலைத்துவிட்டார்களாம். மூன்று நாளாக அவருக்குச் சப்பாத்தி கொடுக்கிறார்கள். தட்டு அப்படியே திரும்பிப் போகிறது. 'உணவு வழங்கப்பட்டது' என்று எழுதிக்கொள்கிறார்கள்.

அம்மா யாரிடமும் சண்டை போடவில்லை. சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் முடிச்சைத் தளர்த்துவாள். தேங்காய் எண்ணெயைத் தொட்டு அப்பாவின் மணிக்கட்டில் சிவந்த இடத்தில் தேய்ப்பாள். காலடிச் சத்தம் கேட்டால் திரும்பவும் சுற்றிவிடுவாள். எதிர்க் கட்டில்காரருக்கும் தன் தூக்குவாளியிலிருந்து மோர்ச்சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். எந்த ஃபாரத்திலும் வராத வைத்தியம் அது.

மூன்றாம் நாள் அப்பா தெளிந்த மாதிரி இருந்தார். அம்மாவை அடையாளம் கண்டார். என்னைப் பார்த்து, "எப்பம்மா வந்த?" என்றார். சோடியம் நூற்று இருபத்துநாலு. நான் அண்ணனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அன்று மத்தியானம்தான் ஞாபகசக்திப் பரிசோதனைக்கு ஆள் வந்தார்கள். முப்பது மார்க்குக்குக் கேள்விகள். இருபத்துநாலுக்குக் கீழே போனால் மறதி நோய் இருக்கலாம் என்று கணக்கு. மாஸ்க் போட்ட ஒரு பெண் கட்டிலின் பக்கவாட்டில் நின்று, தாளைப் பார்த்தபடியே வாசித்தாள்.

"அய்யா, இது எந்த ஊரு?"

அப்பா அவள் கண்களைப் பார்த்தார். "ரெண்டு இட்லி சாப்பிட்டேன்மா."

"இன்னைக்கு என்ன கெழம?"

தலையாட்டினார்.

"நூறுலருந்து ஏழேழாக் கழிச்சுச் சொல்லுங்க."

"ஆமாம்மா."

ஏழு மார்க். நான் பக்கத்திலேயே நின்றேன். பன்னிரண்டு கேள்விகளோடு நூற்றுக்கணக்கான கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். என் அப்பாவுக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. மாஸ்க்குக்குள் அழுதேன், அவ்வளவுதான். கேஸ் சீட்டில் 'மறதி நோய் இருக்க வாய்ப்பு' என்று எழுதினார்கள். அந்த வரியை எழுதிய பிறகு யாரும் அப்பாவிடம் எதையும் கேட்கவில்லை. அவர் தலைக்கு மேலாக எங்களிடம் பேச ஆரம்பித்தார்கள்.

அண்ணன் போனில் சொன்னான்: "இனி அம்மாவால ஒத்தைல பாத்துக்கிட முடியாது ஜெனி. கோயமுத்தூர் பக்கம் இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு ஹோம் இருக்காம். ராஜபாளையம் வீட்டப் பூட்டிருவோம். அம்மா எங்கூட இருக்கட்டும்." அவன் குரலில் கல்நெஞ்சம் ஏதும் இல்லை, மூன்று இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் பேசினான். 'இந்த மாதிரி ஆளுங்க.' ஏழு மார்க் அப்பாவை ஒரே மத்தியானத்தில் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டது.

அதோடும் முடியவில்லை. நாலாம் நாள் சோடியம் நூற்று இருபத்தொன்று. இறங்கியிருந்தது. ஐந்தாம் நாள் இருபத்துமூன்று. ஆறாம் நாள் திரும்பவும் இருபது. மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது, டிரிப் போகிறது, உப்புப் போட்ட கஞ்சி கொடுக்கிறார்கள். ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "சில சமயம் நுரையீரல்ல கட்டி இருந்தா, அது ஒரு சுரப்பை ஏத்திவிட்டு உப்பைக் கரைச்சிரும். பஞ்சு மில்லுல எத்தன வருஷம் இருந்தாரு?" மார்புக்கு ஸ்கேன் எழுதினார். 'கட்டி' என்ற சொல்லை அம்மாவும் கேட்டுவிட்டாள். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு வராண்டா மூலைக்குப் போனாள். ஸ்கேனில் ஏதாவது வந்தால் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும், வராவிட்டாலும் மதுரைக்குத்தான் என்றார்கள். இன்னொரு சிஸ்டர் எனக்கு ஆறுதல் சொன்னாள்: "வயசாயிருச்சுல்லக்கா." அப்பாவுக்கு அறுபத்தாறு. அந்த ஆறு நாளில் அந்த வார்த்தையை நான் எத்தனை பேர் வாயில் கேட்டேன் என்று கணக்கே இல்லை. யோசிப்பதை நிறுத்திக்கொள்ள அதைவிட வசதியான வார்த்தை தமிழில் வேறு இல்லை.

அன்று சாயந்தரம் பரமசிவம் மாமா வந்தார். அப்பாவோடு அதே ரிங் பிரேமில் ஒரே ஷிப்டில் நின்றவர். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து, இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்கியதால் மாஸ்க்கை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டிருந்தார். உள்ளே வந்தவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போகவில்லை. கால்மாட்டில், அப்பாவுக்கு நேர் எதிரே நின்றார். சத்தமே இல்லாமல் வாயை அசைத்தார். கூடவே வலது கையால் இடது மணிக்கட்டை வெட்டுகிற மாதிரி ஒரு சைகை.

அப்பா படுத்தபடியே வெடித்துச் சிரித்தார். ஆறு நாளில் முதல் சிரிப்பு.

"என்ன மாமா கேட்டீங்க?"

"மெஷின நிப்பாட்டிட்டியாலேன்னு கேட்டேன்" என்றார் மாமா. "உள்ள காது கேக்குமா? முப்பது வருஷம் கையும் ஒதடும்தான் பேச்சு. நூல் அந்துபோச்சுன்னா இப்படி." கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டவைத்துச் சட்டென்று பிரித்தார். "சூப்பர்வைசர் வாரான்னா இப்படி." உள்ளங்கையைத் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்தார். அந்த நேரம் பார்த்து டாக்டர் ஆட்களோடு வார்டுக்குள் வந்தார். மாமா அவரை ஓரக்கண்ணால் பார்த்துத் தலையில் தொப்பி வைத்தார். அப்பா தளர்ந்திருந்த காஸ் துணியிலிருந்து கையை உருவி, அவசரமாக எழுந்து உட்கார்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உதட்டைக் கடித்தார்கள்.

நான் மாமாவுக்கு எதிரே போய் நின்றேன்.

"மாமா, அப்பாவுக்குக் காது கேக்காதா?"

"ஒனக்குத் தெரியாதா?" மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எனக்கும்தான் கேக்காது. நீ பேசுறத ஒன் வாயப் பாத்துச் சொல்லுதேன். அந்தத் துணிய எறக்கி விட்டுப் பேசுனதாலதான் புரியுது."

எப்போது மாஸ்க்கை இறக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. சிஸ்டரின் மேசைக்கு ஓடினேன். அந்த முப்பது மார்க் தாளை ஒன்று கேட்டு வாங்கினேன். "யாரு பண்ணப் போறா?" என்று அவள் கேட்டாள். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. டாக்டரிடம் போய், "சார், அஞ்சே நிமிஷம், இங்க நின்னு பாருங்க" என்றேன். என்ன நினைத்தாரோ, நின்றார்.

கேள்வியை நான் மாமாவிடம் சொன்னேன். மாமா கையாலும் உதட்டாலும் அப்பாவிடம் கேட்டார்.

என்ன ஊர்? "ஸ்ரீவில்லிபுத்தூரு. இவளுக்கு மதுரைல ஆஸ்பத்திரியே கெடைக்கல, இங்க கொண்டாந்து போட்ருக்கா." என்ன கிழமை? "வியாழன். லீவு நாளுக்கு முந்துன நாளு." அவருக்கு மில்லில் வெள்ளிக்கிழமை விடுமுறை. நூறில் ஏழு? "தொண்ணூத்து மூணு, எம்பத்தாறு, எழுபத்தொம்பது... எம்புட்டு வரைக்கும் போகணும்லே?" மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, செத்த நேரம் கழித்துக் கேட்கச் சொல்லியிருந்தது தாளில். மாமா கேட்க மறந்துவிட்டார். அப்பாவே, "மரம், கடிகாரம், சட்டை, அதக் கேக்கலியே?" என்றார்.

இருபத்தேழு. விட்ட மூன்றில் இரண்டு, எழுதுவதிலும் படம் வரைவதிலும். கை நடுங்கியது, அந்த மணிக்கட்டைத்தான் ஐந்து நாள் கட்டிப் போட்டிருந்தார்களே.

டாக்டரின் முகம் மாறியது. "எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்க கேட்டது அவருக்குக் கேக்கல சார்" என்றேன். 'எனக்கும் அது தோணல' என்று சேர்த்துக்கொள்ள நா எழவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

அவர் தன் மாஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்தார். மெதுவாகக் கேட்டார்: "அய்யா, நாங்க குடுக்குறது போக, வேற ஏதாச்சும் மாத்திரை போடுறீங்களா?"

"ஆமா, ஒண்ண நானே போட்டுக்கிடுதேன்" என்றார் அப்பா. வந்த அன்று போட்டிருந்த சட்டை கொடியில் தொங்கியது, அதைக் காட்டினார். அதன் உள்பையில் பழைய மூக்குப்பொடி டப்பா ஒன்று இருந்தது. பொடியை விட்டுப் பல வருஷம் ஆகிறது, டப்பாவை விடவில்லை. திறந்தால் உள்ளே அட்டையிலிருந்து பிரித்த சின்ன வெள்ளை மாத்திரைகள். தெளிந்த நாளிலிருந்து தினமும் காலையில் அம்மா காபி வாங்கப் போகிற நேரத்தில், மடக்கென்று ஒன்றை விழுங்கியிருக்கிறார். நாங்கள் தளர்த்திவிட்ட கையால்.

டாக்டர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதே நீர் பிரிக்கிற மருந்து. நிறம் வேறு, கம்பெனி வேறு, மருந்து ஒன்று.

"இது யாரு குடுத்தா?"

"வீட்டுக்கு வந்து குடுக்குமே, அந்தப் பிள்ள. கனகா." எங்கள் தெருவில் பிரஷர், சர்க்கரைக்காரர்கள் வீட்டுக்கு மாதாமாதம் அரசாங்க மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற பெண் அவள். "எனக்கு டாக்டர் மாத்திர இருக்கும்மான்னு சொன்னேன். 'நீங்க வாங்கலன்னா என் கணக்கு கொறையும் பெரியப்பா, மேல கேப்பாங்க'ன்னுச்சு. பாவம், வெயில்ல நடந்து வருது. வாங்கிக்கிட்டேன். வாங்குனதக் கீழயா போட முடியும்? சாப்பிட்டேன்."

"வீட்டு மாத்திரை எதுவும் போடக்கூடாதுன்னு முதல் நாளே சொன்னோமே! சரின்னு தலையாட்டினாரே!" என்றாள் சிஸ்டர்.

எதிர்க் கட்டில்காரர், "நாங்கூட எல்லாத்துக்கும் தலையாட்டுனேன். சப்பாத்தி வந்துருச்சு" என்றார்.

அருவருப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. டாக்டருடைய ஏட்டில் அப்பா 'மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்'. கனகாவின் ஏட்டிலும் அதே. இரண்டு இடத்திலும் நல்ல மார்க் வாங்கிய ஒரு நோயாளி. இரண்டு மார்க்கும் சேர்ந்து அவரைக் குழாயடியில் தள்ளியது. மூன்றாவது மார்க், சுவரில் இருந்த அந்தப் பூஜ்யம், அவரைக் கட்டிலில் கட்டியது. நாலாவது, அந்த ஏழு, அவரைக் கோயமுத்தூருக்கு அனுப்பப் பார்த்தது. இதற்கெல்லாம் மேலே, கீழே வரவேற்பறையில், பூ வைத்து மாட்டிய என் மார்க்.

ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. டப்பாவைப் பிடுங்கிய மூன்றாம் நாள் சோடியம் நூற்று முப்பத்துமூன்று. கேஸ் சீட்டில் அந்த மறதி வரியை டாக்டர் தானே அடித்துக் கையெழுத்துப் போட்டார். எதிர்க் கட்டில்காரருடைய கட்டையும் அவிழ்க்கச் சொன்னார். அண்ணன் போனில், "அப்பாட்ட குடு" என்றான். பிறகு, "இல்ல, வேண்டாம். வீடியோல வாரேன். மூஞ்சியப் பாத்துப் பேசுதேன்" என்றான்.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று டேப்போடு ஒரு பெண் வந்தாள். எங்கள் நிறுவனம் இல்லை, ஆஸ்பத்திரியே வைத்திருக்கிற ஆள். ஆனால் அதே மாதிரிக் கேள்விகள். நான் அவளை மாஸ்க்கை இறக்கச் சொன்னேன், இறக்கினாள். இனி அப்பாவுக்கு எல்லாம் புரியும். டாக்டர் தெளிவா விளக்கினாரா? அப்பா தலையாட்டினார். மரியாதையா நடத்தினாங்களா? தலையாட்டினார். விழாம பாத்துக்கிட்டாங்களா? சிவந்த மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டே தலையாட்டினார். எல்லாம் புரிந்தே தலையாட்டினார்.

அவள் போனதும், "ஏம்பா?" என்று கத்திவிட்டேன்.

"விடும்மா. அந்தப் பிள்ளைக்கு ஒரு கணக்கு இருக்கும்ல" என்றார்.

எனக்கு அப்போது வந்த பயம், 'கட்டி' என்று சொன்னபோதுகூட வரவில்லை. இவர் வீட்டுக்குப் போவார். கனகா வருவாள். இவர் கையை நீட்டுவார்.

என் நிறுவனத்துக்கு எழுதினேன். நான் எடுத்த பழைய ஃபாரங்களை அடித்துவிடுங்கள், நான் கேட்டது அவர்கள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது என்றேன். முதல் கேள்வியாக 'நான் பேசுவது கேட்கிறதா' என்று சேருங்கள், புரிந்ததை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லிப் பிறகு 'ஆம்' போடுங்கள் என்றேன். கேள்விகளை மாற்றினால் போன வருஷத்தோடு ஒப்பிட முடியாமல் போகும் என்று பதில் வந்தது. பொய்யைப் பொய்யோடு ஒப்பிடுவதில் அவர்களுக்கு அத்தனை அக்கறை. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் 'சரிம்மா சரிம்மா' என்று போனை அடுத்தவரிடம் கொடுக்கிற ஒருவர் இருந்தால், அவர் எதிரே போய் உட்காருங்கள். அவருடைய மாத்திரைகளை எல்லாம், டப்பாவில் இருப்பதையும் சேர்த்து, ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். மைக்கில் அவர் எண்ணைக் கூப்பிடும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

கனகா போன வாரம் வந்தாள். நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் காத்திருந்தேன், அவளைத் திட்டுவதற்கென்றே. வாசலில் வந்து நின்றவளுக்கு என் வயதுதான் இருக்கும். முகமெல்லாம் வியர்வை, தோளில் கனமான பை. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் போய்விட்டார்.

"பெரியப்பா, ஒடம்பு தேவலையா? கேள்விப்பட்டேன்." மாத்திரை அட்டையை நீட்டினாள்.

அப்பா கையை நீட்டினார். அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பெயரைப் படித்தார். திரும்ப அவள் பைக்குள்ளேயே போட்டார். மெஷினை நிறுத்தச் சொல்கிற அந்த மில் சைகையில், வலது கையால் இடது மணிக்கட்டை வெட்டிக் காட்டினார்.

"வேண்டாம்மா. இதத் தின்னுதான் படுத்தேன். இனி ஒரே டாக்டர், ஒரே மாத்திர."

கனகா அவரையும் தன் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "வேண்டாம்னு போட இதுல எடமில்லியே பெரியப்பா." திரையைத் திருப்பிக் காட்டினாள். அப்பா பெயருக்கு எதிரே நாலு கட்டங்கள். வழங்கப்பட்டது. வீட்டில் இல்லை. ஊர் மாறிவிட்டார். இறந்துவிட்டார். "ஒண்ண அமுக்கினாத்தான் அடுத்த வீட்டுக்கு விடும். 'வழங்கப்பட்டது'ன்னு போட்டுக்கிடவா? நான் குடுக்க மாட்டேன், சும்மா போட்டுக்கிடுதேன். எனக்குக் கணக்கு வந்துரும்."

அப்பா தலையை ஆட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, நாலு கட்டத்தையும் நிதானமாகப் படித்தார். "குடுக்காதத குடுத்ததாப் போடாத" என்றார். "சாகவும் இல்ல. ஊரு மாத்தப் பாத்தாங்க, அதுவும் நடக்கல." அவள் முகத்துக்கு நேரே நின்றபடி இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்தார். "இதப் போடு. நான் வீட்ல இல்ல."

கனகா அமுக்கினாள். டிங் என்று போன் அடுத்த வீட்டுக்கு விட்டது.

"செத்த இரும்மா, மோர் குடிச்சிட்டுப் போ" என்றார், வீட்டில் இல்லாத என் அப்பா.